முள்ளங்கியாருக்குப் பதிமூன்றாம் பகுதி கிடையாது

1

இந்தக் கதை எனக்குக் காது வழியாக வந்தது. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் காலையில் போகிற ரயிலில் கதவோரம் நின்றுகொண்டு, எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு பேச்சை நாள்தோறும் ஒட்டுக் கேட்டேன். கேட்காமல் விட்டுப்போன இடங்களை நானே நிரப்பிக்கொண்டேன். எது கேட்டது, எது நிரப்பியது என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"பனி மூடிய தங்கவயலில் பொழுது மெல்ல—" (பனியெல்லாம் இல்லை. அது மே மாசம்.)

"பெண்ணின் மனம் என்பது ஒரு—" (வெட்கமாகிவிட்டது. நிறுத்திவிட்டேன்.)

"ஜப்பானில் ஒரு முள்ளங்கி, ஒரு கம்பெனியில் மேனேஜராக வேலை பார்த்தது."

இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

2

முள்ளங்கி என்றால் நாம் சாம்பாரில் போடுகிற அதே வெள்ளை முள்ளங்கிதான். தலையில் நாலு இலை. டையும் கட்டியிருக்கும், ஆனால் கழுத்து எங்கே என்று தெரியாததால் இடுப்புக்குக் கீழே தொங்கும். பெரியவர்களுக்கென்று எடுத்த அனிமே சிரிப்புத் தொடர் அது.* முள்ளங்கி ஆபீசில் திட்டு வாங்கும், சாயங்காலம் குடிக்கும். கட்டின கேரட்டை விட்டுவிட்டு ஊறுகாய் கம்பெனிக்கு ஓடிப்போன பழைய கதையை நினைத்துப் புலம்பும். ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் பார் ஸ்டூலில் உட்கார்ந்து, இலையைக் கோதிக்கொண்டு, வாழ்க்கைப் பாடம் ஒன்று சொல்லும்.

"பெரிய ஆபீசர் கத்தும்போது அவர் மூக்கையே பார். மூக்குக்கு அதிகாரம் கிடையாது."

"அழுவதென்றால் லிப்டில் அழு. கதவு திறப்பதற்குள் முடித்துவிடு."

(* பொம்மைப் படத்தில் பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: முள்ளங்கி தோல் சீவிக்கொண்டு குளியலறையிலிருந்து வரும் காட்சிகளில் திரையின் ஓரத்தில் பதினெட்டு பிளஸ் என்று போடுவார்கள்.)

சரளா ஒயிட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். தங்கவயல் பக்கம் உரிகத்தில் ரயில் ஏறுவாள். இந்தத் தொடரை அவள் போனில் போட்டுக் கொடுத்தது சங்கமித்ரா, அதே ரயிலில் வந்து அதே ஆபீசில் ஹெல்ப் டெஸ்க்கில் இருக்கிற பெண். ரயிலில் தினமும் சேர்ந்து உட்காருகிற எட்டுப் பேரும் ஒரு போனை எட்டிப் பார்க்க முடியாது. அடியில் ஓடுகிற ஆங்கிலத்தை அந்த வேகத்துக்குப் படிக்கவும் முடியாது. அதனால் சரளா சாயங்கால ரயிலில் ஒரு பகுதி பார்த்துவிட்டு, மறுநாள் காலை ரயிலில் அதைத் தமிழில் கதையாகச் சொல்வாள். பங்காருப்பேட்டை தாண்டியதும் ஆரம்பித்தால் ஒயிட்ஃபீல்டுக்கு முன்னால் பாடம் வந்துவிடும்.

அந்தப் பெட்டியில் முள்ளங்கியை ஏன் அவ்வளவு பிடித்தது என்றால், அந்த எட்டுப் பேரில் ஒருவரான முனிகிருஷ்ணன் சொன்ன காரணம்தான். அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

"நம்மாளு மாதிரி மண்ணுக்குள்ளேர்ந்து வந்தவம்மா அவன். உள்ள இருக்கறவரிக்கும் யாரும் கேக்க மாட்டான். மேல வந்தான்னா நறுக்கிடுவானுங்க."

அன்றிலிருந்து அவர் முள்ளங்கியார். மரியாதை விகுதி இல்லாமல் யாரும் பேசுவதில்லை. கூட வருகிற ஞானம்மாள் மட்டும் "அவன்" என்பாள்.

3

பன்னிரண்டாம் பகுதியில் முள்ளங்கியார் கேரட்டின் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்து, கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறார். சரளா பதிமூன்றாம் பகுதியைத் தேடினாள். இல்லை. பார்க்கிறவர்கள் குறைவு என்று அங்கே எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கை தூக்கினபடியே நிற்கிறது.

மறுநாள் காலை எல்லாரும் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"முள்ளங்கியாரு செருப்ப கழட்டறாரு. அதுல ஒன்னு கால்வாயில உழுந்துருது."

"முள்ளங்கிக்கு ஏதும்மா காலு?" என்றார் முனிகிருஷ்ணன்.

"ஜப்பான் முள்ளங்கிக்கு இருக்குதுண்ணே."

அடுத்தடுத்த காலைகளில் முள்ளங்கியார் செருப்பைத் தேடிக் கால்வாயோடு போனார். போலீசில் மாட்டினார். ஒரு தவளைக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். மழைக்காலமே வந்துவிட்டது, இன்னும் கதவைத் தட்டவில்லை. தட்டினால் யாராவது திறக்க வேண்டும், அல்லது திறக்காமல் இருக்க வேண்டும். அந்த இரண்டையும் சொல்லச் சரளாவுக்குத் தைரியமில்லை. (எனக்கும் இல்லை. தவளை என்னுடைய சேர்க்கை.) பாடங்களையும் அவளே செய்தாள். அதில் ஒன்றைக் கேட்டுத்தான் ஞானம்மாள் தன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையிடம் போய், வருஷக்கணக்காகக் கேட்க நினைத்த அரை நாள் லீவைக் கேட்டு வாங்கினாள்.

4

ஞானம்மாள் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து ஆயா. ஒயிட்ஃபீல்டில் இறங்காமல் பெங்களூர்வரை போகிற கூட்டத்தில் ஒருத்தி. அவள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலூரில் வண்டி நின்றிருக்கும்போது சொன்னாள்.

"அந்தாளு வந்துட்டான்."

"எந்தாளு?"

"சவரிமுத்து. எம் புருசன்."

டப்பாக்கள் மூடிக்கொண்டன. திருப்பூரில் வேலை என்று போனவன். மகளுக்குப் பல் விழுந்து முளைத்து, அவள் காலேஜும் முடித்தாயிற்று.

"கையில ஒரு மிக்ஸியோட வந்து நிக்கறான். மூனு ஜாரு."

"மூடி இருக்குதா?" என்றார் முனிகிருஷ்ணன்.

"அண்ணே, நீங்க சும்னே இருங்க," என்றாள் சரளா. "உள்ள உட்டியா?"

"வாசல்லதான் உக்காந்துக்கினு இருக்கான். ஃபாதரு மன்னிச்சிடுன்றாரு. எங்கக்கா தொடப்பத்த எடுன்றா. பொண்ணு, உன் இஷ்டம்மான்னு போன நோண்டுது. யாரு சொல்றதும் ஏறல எனக்கு. இத்தினி நாள்ல எங்கிட்ட பொய் சொல்லாதவன் இந்த முள்ளங்கி ஒருத்தன்தான்."

சரளா தன் டப்பா மூடியை இன்னும் இறுக்கினாள்.

"செருப்பு கிருப்பெல்லாம் போதும். நாளிக்கி அவன் கதவத் தட்டணும். கேரட்டு தொறந்தா நானும் தொறக்கறேன். தொறக்கலன்னா, மிக்ஸிய எடுத்துக்கினு கெளம்புன்னுருவேன். அவ்ளோதான்."

5

(இந்த இடத்தில் ஞானம்மாள் அழ வேண்டியிருந்தது. எழுதியும் வைத்திருந்தேன். அவள் அழவில்லை. இட்லி சாப்பிட்டாள். ஆகவே இந்தப் பகுதி காலி.)

6

அன்று முழுக்கச் சரளா ஆறாவது மாடிக் கண்ணாடிகளை ஆட்களிடம் துடைக்கவிட்டு, தானே ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஒரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கேரட் திறக்கிறது என்று வைத்துக்கொண்டாள். முள்ளங்கியார் அழுகிறார், எல்லாரும் கைதட்டுகிறார்கள். சாயங்காலம் ஞானம்மாள் நிஜக் கதவைத் திறப்பாள். அடுத்த மாசம் அவன் மறுபடியும் ஓடினால்? மிக்ஸியையும் எடுத்துக்கொண்டு ஓடினால்?

கேரட் திறக்கவில்லை. சரி. அவன் உண்மையிலேயே திருந்தி வந்திருந்தால்? ஒரு பெண்ணின் மிச்ச ஆயுசைத் துடைப்பக்கட்டையோடு நின்று தான் தீர்மானிப்பதா?

இரண்டு பேரையும் ஒரே குக்கரில் போட்டு சாம்பாராக்கிவிட்டால்? (இதை நான்தான் யோசித்தேன். அவள் இவ்வளவு கேவலமாக யோசிக்கவில்லை.)

"அக்கா, ஒரே எடத்துல தொடைக்கறீங்க," என்று பின்னாலிருந்து சங்கமித்ரா சொன்னாள்.

"கற போவல."

"அக்கா, எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"பன்னெண்டோட நின்னுடுச்சு. அப்பவே தெரியும்."

சரளா துணியைப் பிழிந்தாள். அது உலர்ந்த துணி. "அப்புறம் ஏன்டி சொல்லல?"

"அந்தத் தவள எபிசோடு நல்லா இருந்துச்சுக்கா." (தவளை என்னுடையது என்றேனே, பாராட்டும் என்னுடையதுதான்.)

"நாளிக்கி சொல்லிடட்டுமா? எல்லாம் நான் உட்ட டூப்புன்னு?"

சங்கமித்ரா யோசித்தாள். "சொன்னீங்கன்னா அந்தம்மாவுக்கு முள்ளங்கியும் போயிடும். அதுவும் ஓடிப்போன மாதிரி ஆயிடும்."

7

சனிக்கிழமை. சரளா மாலூர் தாண்டியும் ஆரம்பிக்கவில்லை. தண்ணீர் குடித்தாள். மறுபடியும் குடித்தாள்.

"தட்டறாரு," என்றாள் கடைசியில். "முள்ளங்கியாரு கதவத் தட்டறாரு. அவருக்குள்ள ஒரே... அதாவது, அவரு மனசுல இன்னா ஓடுதுன்னா—"

"நிறுத்து," என்றாள் ஞானம்மாள்.

பெட்டியே மெல்லுவதை நிறுத்தியது. ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பப் பாரு அவன் மனசு, அவன் செருப்பு, அவன் டை. அந்த கேரட்டு இதுவரிக்கும் ஒரு வார்த்த பேசிச்சா?"

சரளா நினைத்துப் பார்த்தாள். பேசவில்லை. ஜப்பான்காரன் எடுத்த பன்னிரண்டிலும் பேசவில்லை, இவள் ஓட்டினதிலும் பேசவில்லை. (என் கதையிலும் ஐந்தாம் பகுதியைக் காலியாக விட்டேனே தவிர, ஞானம்மாளின் மனசுக்குள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்க எனக்கு வழி தெரியவில்லை.)

"நான் சொல்றேன் கேளுங்க," என்றாள் ஞானம்மாள். டப்பாவை மூடி பையில் வைத்துவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "கேரட்டு கதவுக்கு உள்பக்கம் நிக்குது. இப்ப வந்து நிக்கல. ரொம்ப நாளா அங்கதான் இருக்குது. அரிசி களையுது. ஜொரம் வந்து தானே மாத்தர போட்டுக்கினு படுக்குது. புள்ளைக்கு ஃபீசு கட்டுது."

"கேரட்டுக்குப் புள்ளையா?" என்றார் முனிகிருஷ்ணன்.

"இருக்குது. ஒரு பீட்ரூட்டு."

"பீட்ரூட்டா! அதெப்படிமா வெள்ள முள்ளங்கிக்கு—"

"ஏண்ணே, பொறக்கக் கூடாதா? அவங்கம்மா செவப்பு. உங்களுக்கு இன்னா?"

பெட்டியே சிரித்தது. முனிகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஞானம்மாள் சிரிக்கவில்லை.

"தட்டற சத்தம் கேக்குது. அவன்தான்னு தெரியுது, தட்டறதுலயே. முள்ளங்கி தட்டினா மெத்து மெத்துன்னுதான கேக்கும். பீட்ரூட்டு எழுந்து வந்து அம்மா மூஞ்சப் பாக்குது. கேரட்டு தாப்பாள்ல கைய வெக்குது. வெச்சுட்டு சொல்லுது..."

வண்டி ஒயிட்ஃபீல்டில் நின்றது.

அந்த நேரத்து ஒயிட்ஃபீல்டில் யாரும் தானாக இறங்குவதில்லை. பின்னால் இருக்கிற கூட்டம் இறக்கிவிடும். சரளா இருக்கைக் கம்பியைப் பிடித்தாள். "ஞானம்மா, இன்னா சொல்லுது? சீக்கிரம் சொல்லுமே!" என்று கத்தினாள். அவள் பை முதலில் இறங்கியது, பிறகு அவள், பிறகு சங்கமித்ரா. நானும் ஒயிட்ஃபீல்டுதான். பிளாட்பாரத்தில் காலை ஊன்றித் திரும்பும்போது வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னலில் ஞானம்மாளின் கை மட்டும் தெரிந்தது, எதையோ காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தது. அவளைச் சுற்றித் தலைகள் முன்னால் சாய்ந்திருந்தன.

8

திங்கட்கிழமை கேட்டால் தெரிந்துவிடுமே என்பீர்கள். சரளா கேட்டாள். சவரிமுத்துவைப் பற்றி நேராகக் கேட்க வாய் வரவில்லை. "கேரட்டு இன்னாதான் சொல்லிச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"எறங்கிட்டவங்களுக்குக் கத கெடையாது," என்றாள் ஞானம்மாள். சரளாவின் தோளில் தட்டினாள். "ஆனா நல்லா இருந்துச்சுமே. உன்னுத விட."

முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நான் முயன்றேன். கண்ணுக்குக் கீழே கருப்பு இருந்தது. அது சந்தோஷத்தில் விழித்திருந்தாலும் வரும், சண்டையில் விழித்திருந்தாலும் வரும். முனிகிருஷ்ணனைத் தனியாகப் பிடித்து, ஒயிட்ஃபீல்டுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"சார் யாரு?" என்றார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் கதவோரத்துக்கே திரும்பிவிட்டேன்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். திறந்த கதவு ஒன்று, திறக்காத கதவு ஒன்று. மிக்ஸியை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவது ஒன்று. எனக்குப் பிடித்தது அதுதான். எல்லாவற்றிலும் கேரட் என்னை மாதிரியே பேசியது. கிழித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. சனிக்கிழமை கூட்டம் தள்ளித் தள்ளி இறக்கியபோது, சரளா இறங்கினாள், சங்கமித்ரா இறங்கினாள், நான் இறங்கினேன். நீங்கள் இறங்கவில்லை. ஞானம்மாளுக்கு எதிர் சீட்டில், முனிகிருஷ்ணன் பக்கத்தில், வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

அவள் என்ன சொன்னாள்?