மூன்றாவது முறைக்கு முன்

ஆய்வுக் குழுத் தலைவர் மூன்று முறை கதவை அடித்துச் சாத்தினார். மூன்று முறையும் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் அவள் வலது கை இருந்தது. முதல் முறை சத்தம் மட்டும்தான் கேட்டது. இரண்டாவதில் நடுவிரல் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மூன்றாவது வெறும் வெறி என்றுதான் அவள் நினைத்தாள். தலைவர் மேல் பாய்ந்த அவள் தம்பியை நாலு பேர் கீழே தள்ளி முதுகில் மிதித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் நாலு பேர் காப்பிக் கோப்பையும் கையுமாக நின்றார்கள்.

இவளும் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு அரை நிமிடம் முன்னால் எஃகு பிளாஸ்க்கைத் தூக்கி அவர் நெற்றியில் வீசியது இவள்தான். புருவம் பிளந்து, ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. அவள் வரைபடத்தைக் கிழித்து அவள் முகத்திலேயே எறிந்தாரே, அதற்குப் பதில்.

சண்டை எதற்கு என்றால், விண்மீன் திரள்களுக்கு. சிரிக்காதீர்கள். தொலைதூரத் திரள்களின் ஒளி வருகிற வழியில் கண்ணுக்குத் தெரியாத பாரம் ஏதாவது இருந்தால், அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்து, திரள்களின் வடிவத்தை ஒரே பக்கமாகத் துளி இழுத்துக் காட்டும். லட்சக்கணக்கான திரள்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு, எத்தனை ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்தால் அந்தப் பாரத்தை எடை போட்டுவிடலாம். ஏழு வருஷமாகத் தலைவர் போட்ட எடை உலகமே பேசுகிற மாதிரி வந்திருந்தது.

இவள் கேட்டது ஒரே கேள்வி. பக்கத்துப் பக்கத்தில் பிறந்த திரள்கள் ஒரே ஈர்ப்பில் வளர்ந்தவை. பிறவியிலேயே ஒரே பக்கம் சாய்ந்தவை. அந்தச் சாய்வையும் வழியில் வந்த வளைவு என்று எண்ணிவிடலாமா? நெருங்கிய ஜோடிகளை எல்லாம் நீக்கிவிட்டுத் திரும்பக் கணக்குப் போட்டாள். எடையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. அதை வரைபடமாகப் போட்டுக் குழுக் கூட்டத்தில் காட்டினாள். அறையில் அவளுக்கு 'ஜோடி பிரிக்கிறவள்' என்று பட்டப்பெயர் விழுந்தது. தலைவருக்குக் கோபம் தலைக்கேறியது.

நிறுவனத்தின் விசாரணைக்கு மாவுக்கட்டோடு போனாள். இனி அந்தக் கையால் பேனா பிடிக்க முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த ஆள் தப்பக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காகவே புகாரில் பிளாஸ்க்கைப் பற்றி மூச்சு விடவில்லை. தம்பியும் அந்தக் குழுவின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன்; அக்கா கையை ஓங்கவே இல்லை, தலைவர் தானே போய் மேசையில் முட்டிக்கொண்டார் என்று அடித்துச் சொன்னான். மற்ற எட்டுப் பேரும் சொல்லிவைத்தாற்போல், இவள் பிளாஸ்க்கை வீசிவிட்டு ஓடும்போது தடுமாறிக் கதவில் கையைச் சிக்கவைத்துக்கொண்டாள் என்றார்கள்.

"எட்டுப் பேர் ஒரே மாதிரி சொல்றாங்க," என்றார் விசாரணை அதிகாரி. "எட்டுப் பேருமா பொய் சொல்வாங்க?"

"ஒரே மாதிரி சொல்றதுதான் மேடம் சந்தேகம். எல்லாரும் அவர் பக்கத்துலயே வளர்ந்தவங்க. கதவைப் பார்க்கறதுக்கு முன்னாடியே சாய்ஞ்சவங்க. எட்டையும் நீக்கிடுங்க."

"அப்ப உங்க தம்பி?"

ஒரே வயிற்றில் பிறந்தவன். அவனையும் நீக்கச் சொன்னாள், தன் புகாரையும் சேர்த்து. சண்டை நடந்த அன்றைக்குச் சுவரிலிருந்த திரையை யாரும் அணைக்கவில்லை. இரண்டு நாள் பயணத் தொலைவில், மலையுச்சியில் தொலைநோக்கியை இயக்குகிறவர் கூட்டத்துக்காக அதில் இணைந்திருந்தார். இவர்களில் ஒருவரையும் நேரில் பார்த்திராத மனிதர். பிளாஸ்க்கையும் அவர் பார்த்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அவரைக் கேட்கச் சொன்னாள்.

அதிகாரி அங்கேயே தொலைபேசியில் கூப்பிட்டார். மலைக்காரர் ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார்.

"அந்தம்மா பிளாஸ்க்கால அடிச்சாங்க. நல்லாவே பட்டுச்சு. அப்புறம் அவர் அவங்க கையை இழுத்துக் கதவுல வச்சு சாத்தினார். ரெண்டு தடவை. மூணாவதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்தினார். விரலெல்லாம் சரியா நடுவுல இருக்கான்னு குனிஞ்சு பார்த்து, நகர்த்தி வச்சுட்டு சாத்தினார்."

தலைவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. பிளாஸ்க்குக்காக இவள் வேலையும் அன்றைக்கே போனது.

வெளி வராந்தாவில் தம்பி அறிவிப்புப் பலகையின் கண்ணாடியை ஒரே குத்தாகக் குத்தினான். முழங்கை வரை ரத்தம் ஓடியது.

"உனக்காகத்தானேக்கா பொய் சொன்னேன்? என்னையே நீக்கச் சொல்லிட்டியே."

அவள் இடது கையால் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கீழ கிடந்தே. நான் கண்ணை மூடிட்டிருந்தேன். அவர் நிறுத்தி, குனிஞ்சு பார்த்து வச்சதை நம்ம ரெண்டு பேருல யாருடா சொல்லியிருப்போம்?"