ஓடை இறங்கும் வழி

அமிர்தநாதன் ஐந்தரைக்கு எழுந்தான். பாயைச் சுருட்டினான். குடத்துத் தண்ணீரில் முகம் கழுவினான். ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒரு டம்ளர் பாலில்லாத கட்டன் காப்பி போட்டு, நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். காக்கிச் சட்டையைப் போட்டு விசிலைக் கழுத்தில் மாட்டினான். கதவைப் பூட்டி, அரை மைல் நடந்து, ஆறே முக்காலுக்குச் சோதனைச் சாவடியைத் திறந்தான். பதிவேட்டில் கோடு போட்டு, 17 மே 1979 என்று எழுதினான்.

எட்டு மாதமாக இதே வரிசைதான். மனைவி பிலோமி காய்ச்சலில் போன பிறகு, காலையில் யோசித்துச் செய்யவேண்டிய எதையும் அவன் மிச்சம் வைக்கவில்லை.

எஸ்டேட் கங்காணியின் மகன். பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவன். வரையாட்டுக்காக அந்த மலையைத் தேசியப் பூங்கா என்று அறிவித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலையில் ஏறி மாலைக்குள் திரும்பும் ஒரே ஒரு நடைவழியைத் திறந்து, அதற்கு அவனைக் காவலாக வைத்திருந்தார்கள். ஐந்து மைல் வழி. நூறடிக்கு ஒரு சுண்ணாம்பு அடித்த கல். உள்ளே போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்து கையெழுத்துப் போடும்வரை அவனும், கூட இருக்கும் செல்லத்துரையும் சாவடியைப் பூட்டி வீடு திரும்பக்கூடாது.

ஒன்பது மணி பஸ்ஸில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலைக்காடும் கரும்பும் வயலும் உள்ளவர்கள். மறையூரில் வெல்ல வியாபாரம் பார்க்கும் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, ஆடு பார்க்க வந்தவர்கள். கந்தப்பன், அவன் மனைவி கமலாத்தாள், பக்கத்துக் காட்டுக்காரர் குப்பண்ணன். குப்பண்ணன் பருத்த ஆள். பஸ்ஸில் வந்த மூச்சையே இன்னும் வாங்கிக்கொண்டிருந்தார்.

அமிர்தநாதன் தினமும் சொல்வதைச் சொன்னான். "வெள்ளக் கல்ல விட்டு வெலகாதீங்க. ஆட்ட வெரட்டாதீங்க. பீடி பத்த வைக்காதீங்க. மஞ்சு எறங்குனா இருந்த எடத்துலயே உக்காந்துருங்க, நான் வருவேன். வழி தப்புனா ஓடையப் புடிச்சு எறங்காதீங்க. மூணு மணிக்கு இங்க வந்து கையெழுத்து."

"மஞ்சுன்னா?"

"மூடுபனி."

"உக்காந்துக்கறதுதானுங்களா? அது எனக்கு நல்லா வருமுங்க" என்றார் குப்பண்ணன்.

"அண்ணன் எட்டு நாளைக்கு வேணும்னாலும் உக்காந்துக்குவாருங்க. சோத்த மட்டும் அங்கயே கொண்டாந்து போட்டரோணும்" என்றாள் கமலாத்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "ஏனுங் தம்பி, ஓடையப் புடிச்சு எறங்குனா என்னங்க? தண்ணி போற எடத்துலதான ஊரு இருக்கும்?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அவள் ஊரில் வாய்க்கால் வயலுக்குப் போகும், வயல் வீட்டுக்குப் போகும். இந்த ஓடை அப்படியல்ல. புல்வெளியில் சாதுவாக ஓடி, சோலைக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்ததும் முன்னூறடிப் பாறையிலிருந்து காற்றில் விழுந்துவிடும். இதைச் சொல்லப் பத்து வார்த்தை வேண்டும். முன்பெல்லாம் சொல்வான்.

"சட்டம்" என்றான்.

"சட்டமாமுங்க!" அவள் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். மூவரும் கிளம்பிப் போனார்கள்.

ஒரு மணிக்கு மஞ்சு இறங்கியது. மலை போயிற்று, பிறகு வேலி போயிற்று, பிறகு பத்தடியில் நின்ற கேட். அமிர்தநாதன் மேலே ஏறத் தொடங்கினான். உட்கார்ந்திருந்த இரண்டு கூட்டத்தாரைக் கண்டுபிடித்து இறக்கிவிட்டான். பதிவேட்டில் மூன்று பெயர் மிச்சம். மறுபடியும் ஏறுவதற்காக அவன் கேட்டைத் தாண்டும்போது எதிரே காலடிச் சத்தம். கந்தப்பன் ஓடிவந்தான். பின்னால் குப்பண்ணன் தள்ளாடிக்கொண்டு வந்தார். மணி இரண்டு இருபது.

"கமலா வந்துட்டாளுங்களா?"

"வரலையே. ஒங்க கூட இல்லையா?"

கந்தப்பன் முகம் வெளுத்துவிட்டது. "முன்னாலயே எறங்கீட்டாளுங்க. ரெண்டு மைல்ல ஒரு மரப்பாலம் இருக்குதுங்களே, அங்க. ஒன்றரை மணி இருக்கும்."

"கடைசியா என்ன சொல்லிட்டுப் போனாக?"

"ஏனுங்க, எனக்குக் கால் வலிக்குதுங்க, நீங்க மெதுவா வாங்க, நான் கல்லப் பாத்தே முன்னால போயி இருக்கறேன்னு சொன்னாளுங்க."

செல்லத்துரை டார்ச்சை எடுத்தான். "அப்ப கல்லு வழியிலதான் எங்கயோ உக்காந்திருக்கும். வா அமிர்தம், ஏறுவோம்."

அமிர்தநாதன் நகரவில்லை. கல் வழியாக வந்திருந்தால் இந்த இரண்டு பேரும் அவளைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். அது ஒன்று. இன்னொன்று, அந்த வாக்கியம். அது மடிப்புக் கலையாமல் இருந்தது. நாலு பேர் முன்னால் சொல்வதற்காகத் தேய்த்து வைத்த வாக்கியம். இந்த மாதிரி ஒன்றை அவனும் தேய்த்து வைத்திருந்தான். பார்த்தவுடன் தெரிந்தது.

"அவுக அப்பிடிச் சொல்லல. நெசமா என்ன சொன்னாக?"

"அதைத்தானுங்க..."

"வழிய வச்சுத்தான் தேட முடியும். வார்த்த மாறுனா வழி மாறிரும். சொல்லுங்க."

குப்பண்ணன்தான் உடைத்தார். "சொல்லீரு கந்தா! உனக்கு வெக்கமா இருந்தா நான் சொல்றேன். ரெண்டு பேத்துக்கும் சண்டைங்க தம்பி. பொட்டச்சிக்கு என்ன வழி தெரியும், பேசாத பின்னால வான்னு இவன் சொல்லிப்போட்டான். அந்தப் புள்ளைக்குக் கோவம் ஏறிருச்சு."

"என்ன சொன்னாக?"

கந்தப்பன் சொன்னான். "'ஏழு வருசமா உங்க காட்டுக்கு மடை மாத்தறவ நானு. தண்ணி போற வழி எனக்குத் தெரியாதா? இந்த ஓடையப் புடிச்சு எறங்கி, உங்களுக்கு முந்தி ரோட்டுல நிக்கலீன்னா எம்பேரு கமலாத்தா இல்ல'ன்னாளுங்க."

அமிர்தநாதனின் நெஞ்சில் ஏதோ ஒன்று தடக்கென்று அடித்தது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. எட்டு மாதமாக அது அங்கே இருப்பதே தெரியவில்லை.

மரப்பாலத்திலிருந்து பாறை விளிம்பு ஒன்றரை மைல். சோலைக்குள் பாசிப் பாறையும் முள்ளும். அவள் ஒன்றரைக்கு இறங்கியிருந்தால், மூன்றேகாலுக்குள் விளிம்புக்கு வந்துவிடுவாள். சாவடியிலிருந்து வழியில்லாத வழி ஒன்று உண்டு. எதிர்மேட்டின் முதுகில் நேராக ஏறி அந்தப் பக்கம் சரிந்தால் விளிம்புக்கு மேலேயே போய் நிற்கலாம். நல்ல வெயிலில் முக்கால் மணி. இப்போது வெயிலும் இல்லை, முக்கால் மணி போக மிச்சமும் அதிகமில்லை.

"செல்லத்துரையண்ணே, கேட் கயித்த அவுத்துக் குடுங்க. நீங்க கல்லு வழியில பாலத்துக்குப் போங்க. அங்கேயிருந்து விசில் அடிச்சிட்டே இருங்க." கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டான். "கந்தப்பன், நீங்க என் கூட. நான் வச்ச எடத்துலயே கால வைக்கணும்."

"ஓடை எங்கங்க போகுது?"

ஓடிக்கொண்டே சொன்னான். காலையில் சொல்லாமல் விட்ட பத்து வார்த்தையும் அதில் இருந்தது. கந்தப்பன் வேகத்தைக் கூட்டினான்.

மேடு செங்குத்து. புல் நனைந்து வழுக்கியது. கையால் புல்லைப் பிடித்து, காலால் கல்லைத் தேடி, விழுந்து எழுந்து ஏறினார்கள். மஞ்சு முகத்தில் ஈரத் துணி மாதிரி ஒட்டியது. நடுமேட்டில் விசுக்கென்று ஒரு கூட்டம் எழுந்தது. வரையாடுகள். இருபது இருக்கும். இரண்டடி தூரத்தில் ஒரு கிடா நின்று அவர்களைப் பார்த்துவிட்டு, சாவகாசமாக மஞ்சுக்குள் நடந்து போனது. இதைப் பார்க்கத்தான் கந்தப்பன் மூன்று பஸ் மாறி வந்திருந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேட்டு முதுகில் ஏறியதும் மழை பிடித்தது. மேற்கே ஓடையின் தலைப்பக்கம் ஏற்கெனவே இடி.

"மழை அங்க பிடிச்சு நேரமாச்சு" என்றான் அமிர்தநாதன். "தண்ணி எறங்கி வரும்."

மறுபக்கம் சரிந்தார்கள். உட்கார்ந்து சறுக்கினார்கள். சட்டை முதுகோடு கிழிந்தது. கீழே அருவி விழும் இரைச்சல் கேட்டது. ஆனால் எந்தப் பக்கம் என்று மஞ்சு காட்டவில்லை. மணி மூன்று பத்து. அமிர்தநாதன் விசிலை வாயில் வைத்து மூன்று தடவை ஊதினான். பதில் இல்லை. இன்னும் மூன்று. பதில் இல்லை.

"கமலா! ஏய் கமலா!" கந்தப்பன் கத்தினான். இரைச்சல் அதைத் தின்றுவிட்டது.

"கத்தாதீங்க. பேர் எட்டாது. நீளமா வர்ற சத்தம் ஏதாச்சும் வேணும். உங்க காட்டுல தூரத்துல இருக்கிறவகள எப்பிடிக் கூப்பிடுவீக?"

கந்தப்பனின் கண் பளிச்சென்றது. அவர்கள் காட்டில் கிணறு ஒரு மூலை, மடை இன்னொரு மூலை. நடுவில் கால் மைல் கரும்பு. மோட்டார் போடுகிறவன் அங்கிருந்து ஒரு கூவல் கொடுப்பான். மடையில் நிற்கிறவள் அதைக் கேட்டதும் வாய்க்காலை விட்டுக் கரையேறிப் பதில் கூவல் கொடுக்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் தண்ணீரை முழுக்கத் திறப்பது. எத்தனை கோபத்தில் இருந்தாலும், நாலு நாள் பேச்சில்லாமல் இருந்தாலும், கமலாத்தாள் அந்தக் கூவலுக்குப் பதில் கொடுக்காமல் இருந்ததில்லை.

அவன் இரண்டு கையையும் வாயில் குவித்தான்.

"தண்ணி வருதேஏஏஏய்!"

அந்தக் குரல் இரைச்சலுக்கு மேலே ஏறி, மஞ்சைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இரண்டு மூச்சு நேரம். மூன்று.

"வரட்டுஉஉம்!"

இடது பக்கம். கீழே. கிட்டத்தில்.

"அங்கயே நிக்கச் சொல்லுங்க! கரையேறச் சொல்லுங்க!"

"ஏறி நில்லுஉஉ! ஒரு அடி வெக்காதேஏஏ!"

"ஏறீட்டேஏஏன்!" என்றது மஞ்சு. அதோடு நிற்கவில்லை. "நீங்க எப்பிடி எனக்கு முந்தி வந்தீங்கோஓஓ?"

கந்தப்பன் சிரித்தானா அழுதானா என்று சொல்ல முடியாது. அமிர்தநாதன் கயிற்றின் ஒரு முனையை துருத்தி நின்ற ஒரு பாறையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தான், மறுமுனையை இடுப்பில். கந்தப்பன் கயிற்றை விட்டுக்கொடுக்க, புல்லில் மல்லாந்து இறங்கினான். மேலே ஏதோ உருள்வது போல ஒரு சத்தம் வந்தது. ஓடையில் வெள்ளம். செங்கல் நிறத்தில் கிளையும் சருகுமாக அவன் காலுக்கு இரண்டு அடி கீழே பாய்ந்து போனது. அப்படியே இரைச்சலுக்குள் போய்க் காணாமல் போயிற்று. இப்போது வெள்ளம் பாயும் அதே இடத்தில்தான் இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

கமலாத்தாள் ஒரு திட்டில் சேலையைத் தூக்கிச் செருகியபடி நின்றிருந்தாள். முழங்கால் வரை சேறு. கையில் வழிக்கு ஒடித்த குச்சி.

"தம்பி நீங்களா? விசில் அடிச்சது நீங்கதானா? ஏதோ குருவி கத்துதுன்னு நான் பாட்டுக்கு வந்துட்டிருந்தேன்."

"கயிறப் பிடிங்க. அந்தப் பக்கம் திரும்பாதீங்க."

திரும்பாதே என்றால் யார்தான் திரும்பாமல் இருப்பார்கள்? காற்று ஒரு வீச்சு வீசியது. மஞ்சு விலகியது. பத்தடியில் தரை முடிந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. வெகு கீழே, பச்சைப் புள்ளியாக ஒரு தேயிலைக் காடு. ஓடை அந்த ஒன்றுமில்லாததற்குள் குதித்துக்கொண்டிருந்தது.

கமலாத்தாள் குச்சியைக் கீழே போட்டாள். "அட சண்டாளத் தண்ணீ!" என்றாள். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

சாவடிக்குத் திரும்பும்போது ஐந்தேகால். பாலத்திலிருந்து இறங்கி வந்திருந்த செல்லத்துரை அடுப்பை மூட்டிக் காப்பி வைத்தான். குப்பண்ணன் கமலாத்தாளைப் பார்த்து, "சட்டம் சொன்னபடி உக்காந்தது நான் ஒருத்தன்தானுங்க, இங்க பெஞ்சுல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அமிர்தநாதனும் சிரித்தான். வயிறு பசித்தது. உள்ளங்கை எரிந்தது. கயிறு தோலை உரித்திருந்தது. அது நன்றாகவே எரிந்தது.

கந்தப்பன் நடந்ததைக் கொட்டினான், பொய் சொன்னது உட்பட. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, கால் வலிக்குதுன்னா சொன்னேன் நானு? எனக்கா கால் வலி?"

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, கடைசியாச் சண்ட போட்டுட்டுப் போனாள்னு ஊருல பேசுவாங்கன்னு..."

"பேசட்டும்! நான் சொன்னது என்னோடது. நானே இல்லாதப்ப அதையும் எடுத்துப்போட்டு வேற ஒண்ண வெச்சீங்கன்னா, அப்பறம் எனக்குன்னு என்னதான் மிச்சம்?" அவள் அமிர்தநாதன் பக்கம் திரும்பினாள். "தம்பிக்கு எப்பிடிங்க தெரிஞ்சுது, இவரு பொய் சொல்றாருன்னு?"

அவன் காப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நானும் சொல்லியிருக்கேன். எம் பொண்டாட்டி சாகும்போது நான் மட்டுந்தான் பக்கத்துல. எஸ்டேட் ஜீப்புல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருந்தோம். கடைசியா அவ என்ன சொன்னான்னு மாமியா கேட்டாக. ஏசுவேன்னு மூணு வாட்டி சொன்னான்னேன். கல்லறையில அதையே எழுதி வச்சிருக்காக."

செல்லத்துரை நிமிர்ந்து பார்த்தான். எட்டு மாதத்தில் அமிர்தநாதன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

வெளியே கடைசி பஸ் ஹாரன் அடித்தது. குப்பண்ணனும் கந்தப்பனும் எழுந்தார்கள். கமலாத்தாள் எழுந்திருக்கவில்லை.

"அவுங்க என்னங்க சொன்னாங்க?"

"மழை பேஞ்சுது. சாரல் அடிக்குதேன்னு ஜீப்போட படுதாவ எறக்கப் போனேன். கையப் பிடிச்சுக்கிட்டா."

"என்னன்னு?"

"'எறக்காதீக. மூஞ்சில மழை படுறது நல்லாருக்கு'ன்னா."