கண்ணாடி மூடிக்கு வெளியே

பல் செட் செய்து செய்து பழகிய கை அது. வாய்க்குள் எது அசல், எது போலி என்று சொந்தப் பெண்டாட்டியாலும் கண்டுபிடிக்க முடியாதபடி கட்டிக் கொடுப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர், விமானி பொம்மையை உள்ளே உட்கார வைக்காமலே, தான் செய்த பொம்மை விமானத்தின் கண்ணாடி மூடியை ஒட்டித் தொலைத்துவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும்தான். அதற்காக, அக்கா பார்க்க வருகிற இன்றைக்கா சறுக்க வேண்டும்?

முழ நீளமுள்ள அந்தப் பொம்மை, அவருடைய அப்பா போரில் ஓட்டிய விமானத்தின் மாதிரி. பெயின்ட் அடிக்கும்போது உள்ளே தெறிக்கக் கூடாதென்று மூடியை ஒட்டினார். விமானியோ முகத்தில் தீட்டிய பெயின்ட் காய்வதற்காகத் தீக்குச்சி நுனியில் தனியே இருந்தார். இனி மூடியைப் பெயர்த்தால் விரிசல் விடும்.

அப்பா அந்த விமானத்தில் ஏறிப் போனவர்தான், திரும்பவில்லை. அக்காவுக்கு அப்போது ஆறு வயது. இவர் அம்மா வயிற்றில். இவருக்கு அப்பா என்றால் ஒரு மங்கிய புகைப்படம். அதைப் பார்த்துத்தான் விமானி பொம்மைக்குப் பட்டாணி அளவு முகத்தை மூன்று வாரம் வரைந்தார். சரியாக வந்திருக்கிறதா என்று சொல்ல உலகத்தில் மிச்சமிருப்பது அக்கா ஒருவர்தான். “அப்பாவ அதுல உக்கார வெச்சுக் காட்டுடா” என்று கேட்டதும் அக்காதான்.

அழைப்பு மணி அடித்தது. உள்ளே வந்த அக்கா நேரே மேஜைக்குப் போய்க் குனிந்தார்.

“என்னடா, ஆளையே காணோம்?”

“மறந்துபோய் மூடிட்டேன்க்கா.”

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு தீக்குச்சியை நீட்டினார். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, வெகு நேரம் பார்த்தார்.

“மூக்கு அப்பாவேதான். காது மட்டும் பெருசு. அது உன் காது.”

வாழ்க்கையில் யாரும் அவரை அப்பாவோடு சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

“மூடிய உடைச்சு உள்ள வெச்சிடறேன்க்கா. வேற மூடி வாங்கிக்கலாம்.”

அக்கா பொம்மையைக் குச்சியிலிருந்து கழற்றி, விமானத்தின் சக்கரத்தில் சாய்த்து மேஜைமேல் உட்கார வைத்தார்.

“அம்மா சாகுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாங்க. இன்னைக்குத்தான் மனுஷன் கீழ இறங்கியிருக்காரு. மறுபடியும் ஏத்திடாதடா.”