வாசலில் ஒரு கால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம் ஆடி மாதத்திலிருந்து, தாவரவியல் ஆசிரியர் வேதமுத்துவுக்குக் கல்லூரி வாசலுக்கு வெளியே ஒரு செடியின் பெயரும் தெரியாமல் போயிற்று. உள்ளே இருக்கும்வரை பாபநாசம் மலையிலிருந்து உடன்குடிச் செம்மணல் தேரிவரை முளைக்கிற எதையும் சொல்வார். வாசலைத் தாண்டினால் துளசிகூட அவருக்கு ஏதோ ஓர் இலை. பாளையங்கோட்டைக்காரர்கள் அரிசி விலையைப் பேசுவதுபோல இதையும் கொஞ்ச நாள் பேசிவிட்டு விட்டார்கள்.

காரணம் தெரிந்தவன் குமாஸ்தா சத்தியநேசன் ஒருவன்தான். ஆசிரியர்கள் எழுதும் புத்தகங்களின் உரிமை கல்லூரிக்கே என்று நிர்வாக சபை தீர்மானித்தபோது, அதை எழுதியவன் அவன். எதற்கும் இடைவெளி விடக்கூடாது என்று மாலைச் சட்ட வகுப்பில் படித்திருந்ததால், ‘அவற்றில் உள்ள அறிவும்’ என்று தானாகவே சேர்த்தான். சபையார் படிக்காமல் கையெழுத்திட்டார்கள். வேதமுத்து, “நம்ம பையன் எழுதினது, சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லித் தானும் கையெழுத்திட்டார். அவருடைய ஆற்றங்கரைச் செடிகள் புத்தகம் கல்லூரியின் பெயரில் வெளிவந்த அன்றே மறதி பிடித்தது.

அந்த வரியை எடுக்கச் சொல்லிச் சத்தியநேசன் சபையிடம் மனுக் கொடுத்தான். சபை லண்டனிலிருந்த மிஷன் தலைமைக்கு எழுதியது. இரண்டு வருஷம் கழித்து, வரியின் தெளிவைப் பாராட்டிப் பதில் வந்தது. அவனுக்குப் பதவி உயர்வும் வந்தது. வேதமுத்துவின் மனைவி ஞானசௌந்தரி, “எங்களுக்காக எவ்வளவு அலையுதே தம்பி, நீ நல்லா இருப்பே” என்றாள். அவள் கையில் கொடுத்த காப்பியை அவன் வாங்கிக் குடித்தான்.

தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷம் வேதமுத்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்கள் வளாகத்துக்குள் வரக்கூடாது என்பதும் விதி. மறுநாள் சாயங்காலம் வாசலுக்கு வெளியே, கையில் ஓர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காவல்காரன் சுடலைக்கண்ணு சிரித்தான். “வாத்தியாரய்யா, அது கீழாநெல்லி. எங்க வீட்டு ஆட்டுக்கே தெரியும்.”

சத்தியநேசன் ஓடிவந்தான். “சார், அந்த வரி நான் சேர்த்தது. சபை சொல்லலை. நானாத்தான் சேர்த்தேன்.”

வேதமுத்து இலையிலிருந்து கண்ணை எடுத்தார். “அஞ்சு வருஷமா எங்க வீட்டுல காப்பி குடிச்சியேலே.”

“ஆமா சார்.”

“விதியில காலைப் பத்தி ஏதும் எழுதியிருக்கியா?”

யோசித்தான். “இல்ல சார்.”

“அப்ப கதவைப் பிடி.”

வலது காலை மட்டும் உள்ளே வைத்தார். இலையை மூக்கருகே கொண்டுபோனார். “கீழாநெல்லி இல்லவே, சுடலை. இது மேலாநெல்லி. உன் ஆட்டுக்கிட்டச் சொல்லு.”

அதன்பிறகு சாயங்காலங்களில் ஜனங்கள் இலைகளோடு வரிசையில் நின்றார்கள். அவர் காலை உள்ளே வைத்துச் சொல்லுவார், வெளியே எடுத்து மறப்பார். சத்தியநேசன் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பான். ஞானசௌந்தரி இருவருக்கும் காப்பி கொண்டுவருவாள். அவனுடைய டம்ளரை மட்டும் தரையில் வைத்துவிட்டுப் போவாள்.