வீடு தேறிவிட்டது

கூடத்தின் நடுவில் ஒரு காலி டம்ளர் கிடந்தது. அதில் டீ குடித்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். சமையலறை வாசலில் நின்ற அவன் மனைவி டம்ளரைப் பார்த்தாள். மாமியாரும் பார்த்தாள். கொழுந்தன் பார்த்தும் பார்க்காதவன் போலச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"ஏங்க, டம்ளர்" என்றாள் அவள்.

"இருக்கட்டும். இன்னைக்கு ஒரு நாள்தானே. பட்டறைக்கு நேரமாச்சு."

அவன் எழுந்து போய்விட்டான். டம்ளர் அங்கேயே இருந்தது. அவள் கவலையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு டம்ளருக்கா இத்தனை கவலை என்று கேட்கலாம். ஆனால் முதுகுத்தண்டில் அறுவை முடிந்து அவள் படுக்கையில் கிடந்த மாதங்களில் அந்த வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் ஆளே மாறிப் போயிருந்தார்கள். கணவன் லேத்துப் பட்டறைக்காரன். இரும்பை மயிரிழை சுத்தமாகச் சீவுகிற அந்தக் கை முதல் நாள் வடித்த சோற்றை வைத்துச் சுவரொட்டியே ஒட்டியிருக்கலாம், அவ்வளவு குழைவு. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த கொழுந்தன், புதுச் சிவப்புச் சட்டையோடு பனியன்களையும் சேர்த்து ஊற வைத்துவிட்டான்; வாரம் முழுக்க இரண்டு பேருமே ரோஸ் நிறப் பனியனில் திரிந்தார்கள். படுத்த இடத்திலிருந்தே அவள் குரல் கொடுப்பாள், "உப்பு போட்டீங்களா?" என்று. "போட்டேன்" என்று ஒருவனும், "நானும் போட்டேன்" என்று இன்னொருவனும் சொல்வார்கள். சிரித்துச் சிரித்துத் தையல் போட்ட இடம் வலிக்கும். போகப் போக இரண்டு பேருக்கும் கை படிந்துவிட்டது. சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவிக் கவிழ்த்தார்கள்.

எதிர்வீட்டுக்காரி பார்க்க வந்தவள், "உன் வீட்டுக்காரர் உனக்கு உதவியெல்லாம் செய்றாராமே. நீ கொடுத்து வச்சவ" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அதே வேலைகளை இவள்தான் செய்துவந்தாள். அதை ஒருவர்கூட உதவி என்று சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா எச்சரித்திருந்தாள். "நோய் திரும்பி வந்தா ஒரேடியா வராது. சின்னச் சின்னதா ஆரம்பிக்கும். கவனமா இருக்கணும்." அவளும் கவனமாகத்தான் இருந்தாள். முதுகில் ஒன்றும் தெரியவில்லை. கூடத்தில்தான் ஆரம்பித்தது.

டம்ளருக்கு அடுத்து ஈரத்துண்டு கட்டிலுக்கு வந்தது. பிறகு கை கழுவிய தட்டு இருந்த இடத்திலேயே தங்கியது. கதவுக்குப் பின்னால் எப்போதும் சாத்தியிருக்கும் துடைப்பம் கொழுந்தன் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. கடைசியில் "தண்ணி" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் தன் மேலேயே கோபம் வந்தது.

மாமியாருக்கோ பரம திருப்தி. ஆம்பளைப் பிள்ளைகள் பாத்திரம் தேய்ப்பதைப் பார்க்கச் சகிக்காமல் இத்தனை நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள், எதிர்வீட்டுக்காரியிடம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். "நல்லவேளை, வீடு தேறிடுச்சு. எல்லாம் பழையபடி ஆயிடுச்சு."

உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த அவள் கத்தியை நிறுத்தினாள். நோய் திரும்புவதைப் போய்த் தேறிவிட்டது என்கிறார்களே.

அந்த வாரம் கடைசிப் பரிசோதனை. கணவனும் கூடவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். டாக்டரம்மா அவளைக் குனியச் சொன்னாள், நிமிரச் சொன்னாள், நடக்கவிட்டுப் பார்த்தாள்.

"பழைய தொந்தரவு ஏதாவது திரும்புச்சா?"

"எனக்கு இல்ல டாக்டர். வீட்டுல ரெண்டு பேருக்குத் திரும்பிடுச்சு."

"யாருக்கு?"

"இவருக்கும் இவர் தம்பிக்கும். நல்லா குணமாகித்தான் இருந்தாங்க. முதல்ல டம்ளர், அப்புறம் துண்டு, தட்டு. இப்ப கை கால் எதுவும் அசையல. உட்கார்ந்த இடத்துலேர்ந்து குரல் மட்டும் வருது."

கணவன் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை உற்றுப் பார்த்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"இது ரொம்பப் பழைய நோயாச்சே. எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்கார்" என்றாள். "இதுக்கு ஓய்வு மட்டும் கொடுக்கவே கூடாது." பிறகு இவள் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஒண்ணுமில்ல. அதிகமா பாரம் தூக்காதீங்க. மத்தபடி நீங்க எல்லா வேலையும் செய்யலாம்" என்றாள்.

கணவன் முகம் சட்டென்று மலர்ந்தது. வெளியே வந்ததும், "கேட்டியா, எல்லா வேலையும் செய்யலாம்னு சொல்லிட்டாங்க" என்றான்.

"கேட்டேங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். "இங்கேயே நில்லுங்க, வந்துடறேன்" என்று போனவள், நேராக மாடியில் இருந்த அறிவிப்பு அறைக்குள் நுழைந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது என்று அந்த மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். 'வீட்டுக்கு ஆள் வேணும்' என்று மாமியார் சொன்னதில் அந்த வேலை போயிற்று. பழைய தோழி இன்னமும் அங்கேதான் இருந்தாள். மதிய முறைக்கு வந்துகொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாளாம், மேலதிகாரி ஆள் தேடிக்கொண்டிருக்கிறாராம். அவரும் பழையவர்தான். இவளைக் கண்டதும், "நாளைக்கே வர முடியுமா?" என்றார்.

மதிய முறைக்கு வேலைக்குப் போவதாக மறுநாள் காலை வீட்டில் சொன்னாள். முந்தின நாள் விட்டுப்போன டம்ளர்களைத் தாண்டிக்கொண்டு, மெல்ல, தன் முதுகை நிமிர்த்தியே போனாள்.

கண்ணாடி அறையில் மைக்கைப் பிடித்தபோது முதல் வாக்கியம் தடுமாறியது. இரண்டாவது வாக்கியத்தில் பழைய குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. கீழே மூட்டையோடு தப்பான மேடைக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அவள் குரலைக் கேட்டுத் திரும்பி ஓடிச் சரியான பஸ்ஸில் ஏறியது. அவளுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

பொழுது சாய்ந்து வீடு திரும்பினாள். கணவன் அடுப்படியில் நின்றான். அடிப்பிடித்த வாடை தெருவரைக்கும் வந்திருந்தது.

"பழையபடி ஆரம்பிச்சுட்டியா?" என்றான்.

"ஆமாங்க. எனக்கும் திரும்பிடுச்சு."

அவன் கரண்டியால் சட்டியின் அடியைச் சுரண்டத் தொடங்கினான்.

மாமியார் கூடத்துச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மருமகள் கிளம்பிப் போனதும், தேறிய வீட்டின் அத்தனை பாத்திரமும் அத்தனை துணியும் அவள் தலையில்தான் விழுந்திருந்தன. இந்த வயசில் இடுப்பு கழன்று போயிருந்தது. இன்றைக்குத் தொலைந்தோம் என்றுதான் மருமகள் நினைத்தாள்.

"இங்க வா, உட்காரு" என்றாள் மாமியார். "மைக்குல பேசினா ஸ்டாண்டு முழுக்கக் கேட்குமா?"

"வெளி ரோடு வரைக்கும் கேட்கும் அத்தை."

அப்போது கடையை மூடிவிட்டு வந்த கொழுந்தன் செருப்பை உதறிக்கொண்டே, "அம்மா, பசிக்குது. சோறு போடு" என்றான்.

மாமியார் அவன் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"உள்ள அண்ணன் இருக்கான், போய்க் கேளு" என்றவள், நீட்டிய காலை இன்னும் கொஞ்சம் வசதியாக நீட்டிக்கொண்டாள். "நீ சொல்லும்மா. முதல்ல எந்த பஸ்ஸைச் சொன்ன?"