முப்பத்தெட்டுப் பேரில் நாலு பேர்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவன் மனைவியைப் பெரியவள் என்றும் இளையவன் மனைவியைச் சின்னவள் என்றும் மாமியார் கூப்பிடப்போய், அதுவே வீட்டுக்கும் தெருவுக்கும் பழகிவிட்டது. இருவரும் ஒரே வருடம், ஒரே கல்லூரியில், ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவர்கள், "அடடா, ஓரகத்திகள்னா இப்படில்ல இருக்கணும்!" என்பார்கள். பெரியவளுக்கு அப்போதெல்லாம் அடிவயிற்றில் யாரோ அடுப்பைப் பற்ற வைத்தாற்போல் இருக்கும்.

ஏனென்றால் சேர்ந்தது இவள். அவள் ஒட்டிக்கொண்டு வந்தவள்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே இங்கிலீஷ் டீச்சர் ஆவது என்று முடிவு செய்தவள் பெரியவள். கல்யாணம், பிள்ளை, ஓர் அலுவலகத்தில் பதினொரு வருடத் தட்டச்சு வேலை, இவற்றுக்கெல்லாம் நடுவே அந்த ஆசையை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். கடைசியில் வேலையை விட்டுவிட்டு, விண்ணப்பப் படிவத்தை வாங்கிவந்து மேஜைமேல் விரித்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது? எனக்கும் ஒண்ணு வாங்கியாந்திருக்கலாம்ல? வீட்ல சும்மாதானே இருக்கேன்."

சும்மா! அந்த ஒரு சொல்லைப் பெரியவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பயிற்சியின் கடைசிக் கட்டமாக நாற்பத்தைந்து நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வேண்டும். இருவரையும் ஒரே உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெரியவளுக்கு ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவு, சின்னவளுக்கு 'பி' பிரிவு. முதல் நாளே தலைமையாசிரியர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அங்கே இருந்த ஆங்கில ஆசிரியை வருடக் கடைசியில் வேலையை விடுகிறார். ஓர் இடம் காலி. "வெளியில தேடப் போறதில்லை. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரை எடுத்துக்கிறேன். போகப்போகப் பாத்துச் சொல்றேன்."

அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது சின்னவள், "யாருக்குக் கெடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானேக்கா?" என்றாள். பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உழைப்பைத் தராசில் வைத்தால் பெரியவள் பக்கம்தான் தாழும். ஒவ்வொரு பாடத்துக்கும் முன்பு பாடத்திட்டம் எழுத வேண்டும் என்பது பயிற்சியின் விதி. அதில் மூன்று பத்தி. முதலாவதில் ஆசிரியர் என்ன செய்வார், இரண்டாவதில் ஆசிரியர் என்ன கேட்பார், மூன்றாவதில் மாணவர்களிடமிருந்து எதிர்பார்க்கும் பதில். பெரியவள் சிவப்பு மையில் கோடு போட்டு, நீல மையில் எழுதி, மூன்றாவது பத்தியை முற்றுப்புள்ளி வரைக்கும் நிரப்பிவிடுவாள். கையெழுத்து அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். சின்னவள் அதே மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, அரைப் பக்கம் கிறுக்குவாள். மூன்றாவது பத்தி வெறுமையாகவே கிடக்கும்.

"இதை ஏன் விட்டுட்டே?"

"அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? நானென்ன ஜோசியக்காரியா?"

இந்த லட்சணத்தில் பாடம் நடத்தினால் நன்றாகத்தான் விளங்கும் என்று பெரியவள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. மணி அடித்ததும் 'பி' பிரிவுப் பிள்ளைகள் சின்னவளைச் சூழ்ந்துகொண்டு படிக்கட்டு வரைக்கும் வருவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். 'ஏ' பிரிவுப் பிள்ளைகள் இவளுக்கு மரியாதையாக எழுந்து நின்று, மரியாதையாக உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான்.

பயிற்சியில் இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் வகுப்பில் இன்னொருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததைக் கவனிப்புக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஆளுக்குப் பத்துத் தடவை. அந்த விதியைப் படித்தபோது பெரியவளுக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. சின்னவளுடைய ஓட்டை ஒடிசலையெல்லாம் நிமிடக் கணக்கோடு எழுதிவைத்துவிடலாம், குறிப்பேடு கடைசியில் தலைமையாசிரியர் மேஜைக்குத்தானே போகப் போகிறது! கைக்கடிகாரத்தைக் கழற்றி பெஞ்சில் வைத்துக்கொண்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு, 'பி' பிரிவில் போய் உட்கார்ந்தாள்.

சின்னவள் உள்ளே வந்தாள். கையில் புத்தகம் இல்லை. ஒரு குடை இருந்தது.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தன்னுடைய குடை. ஒரு கம்பி வளைந்த, கைப்பிடியில் நூல் சுற்றிய, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடை. கேட்கவில்லை, சொல்லவில்லை, எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்!

சின்னவள் குடையை மேஜைமேல் வைத்து, எளிய ஆங்கிலத்தில் சொன்னாள்: "இது பஸ்ஸில் கிடந்தது. இது யாருடையது? அவரைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள்." பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தேவிட்டாள்!

முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு முன்வரிசையில் ஒருத்தி, வந்த ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி, "ரொம்பக் கோபக்காரர். கம்பியைப் பாருங்கள், யாரையோ அடித்திருக்கிறார்" என்றாள். வகுப்பே சிரித்தது. "கஞ்சன். புதுக்குடை வாங்கவில்லை" என்றான் ஒருவன். "இல்லை, பாசக்காரர். யாரோ கொடுத்த குடை" என்றாள் அவன் பின்னால் இருந்தவள். சண்டை சூடுபிடித்தது. எல்லாம் ஆங்கிலத்தில். உடைந்த ஆங்கிலம், நொண்டி ஆங்கிலம், ஆனாலும் ஆங்கிலம். கடைசியில், ஜடையை முன்னால் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்து, குடையை விரித்துப் பார்த்தாள்.

"ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருக்கிறது. இவர் தினமும் ஒரே நேரத்தில் ஒரே ரோட்டில் போனவர். பல வருடம்."

கடைசி பெஞ்சில் பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அலுவலகத்துக்குப் போகும்போது காலை வெயில் வலப்பக்கம். திரும்பும்போது மாலை வெயில், அதுவும் வலப்பக்கம். பதினொரு வருடம். வீட்டில் ஒருவருக்கும் கண்ணில் படாதது இந்தப் பொடிசுக்கு எப்படித் தெரிந்தது? அதைவிட, அதைச் சொல்லவைத்தது சின்னவள் அல்லவா!

ஆத்திரத்தில் பெரியவள், அதுவரை பேசியவர்களையும் சேர்த்து, எண்ண ஆரம்பித்தாள். வாயைத் திறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு, ஐந்து கோட்டுக்கு ஒரு கட்டு. மணி அடித்ததும் குறிப்பேட்டில் இப்படி எழுதினாள்:

"ஆசிரியர் பேசியது 9 நிமிடம் மட்டும். மாணவர் சத்தம் 26 நிமிடம். 38 பேரில் 31 பேர் பேசினர். திருத்தப்படாத தவறுகள் 14. கரும்பலகை பயன்படுத்தப்படவில்லை. பாடக் கருவி: குடை. உரிமையாளரிடம் கேட்காமல் எடுக்கப்பட்டது."

கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள்.

மறுநாள் இவள் வகுப்பு. கடைசி பெஞ்சில் சின்னவள். பாடம், ஒரு வழிப்போக்கன் ஆற்றங்கரையில் பயணத்தை நிறுத்திவிடும் கதை. திட்டத்தில் இருந்தபடி பெரியவள் கேட்டாள்: "அவன் ஏன் நின்றான்?"

ஒரு மாணவி எழுந்தாள். "பயந்துவிட்டான், மிஸ்."

மூன்றாவது பத்தியில் 'பாலம் உடைந்திருந்ததால்' என்று இருந்தது. "இல்லை. உட்கார். வேறு யார்?"

"களைப்பாக இருந்தான்."

"இல்லை. புத்தகத்தைப் பார்."

அதற்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. அவளே பதிலைக் கரும்பலகையில் அழகாக எழுதினாள். முப்பத்தெட்டுப் பேரும் அழகாகப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். சுண்ணத்தூளைத் தட்டிவிட்டுத் திரும்பியபோது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், மனசு தானாகக் கோடு போட்டுக் காட்டியது. முதலில் பாடத்தை வாசித்த இரண்டு பேரையும் சேர்த்து, பேசியவர்கள் நாலு பேர்.

சின்னவள் குறிப்பேட்டை நீட்டினாள். "அக்கா நல்லா நடத்துனாங்க. போர்டு ரொம்ப அழகு" என்று இருந்தது. மூன்றாவது வரியில் ஒரு பூ வரைந்திருந்தாள்.

"இதுதான் கவனிப்பா?"

"வேற என்னக்கா எழுதறது? நல்லாத்தானே இருந்துச்சு."

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது மாமியார் வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். "கடைக்காரர் பொண்ணு சின்னவ கிளாஸாமே! வீட்ல போயி இங்கிலீஷ்லயே சண்டை போடுதாம். நம்ம சின்னவளுக்கு ராசியான வாயி."

"எனக்குக் கையெழுத்துதான் ராசி" என்றாள் பெரியவள். கணவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

முப்பத்துநாலாம் நாள் தலைமையாசிரியர் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து வந்தவர். ஆங்கிலப் பாடத்தை எடைபோட எனக்குத் தெரியாது என்று வெளிப்படையாகவே சொல்பவர். மேஜைமேல் இரண்டு குறிப்பேடுகளும் இருந்தன.

"இத எழுதினது யாரு?"

பெரியவள் எழுந்து நின்றாள். "நான்தான் சார்."

"வருஷா வருஷம் பாக்குறேன். 'குரல் தெளிவு, பாடம் நன்று'ன்னு எல்லாரும் ஒரே பல்லவி. இப்படி ஒருத்தர்கூட எண்ணிப் பாத்ததில்லம்மா. பிரமாதம்!"

அவளுக்குக் காலடியில் தரை ஓர் அங்குலம் உயர்ந்த மாதிரி இருந்தது. வேலை கைக்கு வந்தேவிட்டது. சின்னவள் முகத்தைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. பார்க்கவில்லை.

"முப்பத்தெட்டுல முப்பத்தொண்ணு!" என்றார் அவர். "இந்த ஸ்கூல்ல இங்கிலீஷ் பீரியட்ல முப்பத்தொரு பேரு வாயத் திறந்து நான் கேள்விப்பட்டதே இல்ல. டீச்சர் ஒம்பதே நிமிஷம்!"

"சார், அது... அத நான் குறைன்னுதான் எழுதினேன். சத்தம்..."

"குறையா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "குடை விஷயத்தையும் குறைன்னுதான் எழுதினீங்களா? அதப் படிச்சு நான் ரொம்ப நேரம் சிரிச்சேன்." பிறகு அடுத்த குறிப்பேட்டைப் புரட்டினார். "இதுல கணக்கே இல்ல. பூதான் இருக்கு. சரி, நீங்களே சொல்லுங்க. உங்க வகுப்புல எத்தன பேரு பேசினாங்க?"

பெரியவள் குறிப்பேட்டிலிருந்த பூவைப் பார்த்தாள். எத்தனை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இருபது என்று சொன்னால் இருபதுதான். இருபத்தைந்து என்றாலும் நம்புவார், எண்ணத் தெரிந்தவள் என்று இப்போதுதானே சொன்னார்! சின்னவளோ எதையும் எண்ணியிருக்க மாட்டாள். மறுத்துப் பேசவும் மாட்டாள்.

அதற்குள் சின்னவளே குறுக்கே விழுந்தாள். "அக்கா கிளாஸ்ல நெறைய பேர் பேசுவாங்க சார். நான் எழுத விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

அந்தத் தயவுதான் பெரியவளைச் சுட்டது. இவள் கொடுத்து நான் வாங்குவதா? அதுவும் பொய்யை!

"நாலு பேர் சார்."

"நாலா?"

"முப்பத்தெட்டுப் பேர்ல நாலு பேர். அதுல ரெண்டு பேரை நானே உக்கார வெச்சுட்டேன்."

தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு குறிப்பேட்டை மூடி, வேலை சின்னவளுக்கு என்றார். உண்மையைச் சொன்னதற்காக மனசு மாறிவிடவில்லை அவர். கணக்கு வாத்தியார்.

பேருந்து நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. பெரியவள் தன் குடையை விரித்துத் தான் மட்டும் நின்றாள். சின்னவள் இரண்டடி தள்ளி, பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பேச மாட்டீங்களா?"

பெரியவள் குடையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"நான் வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லித்தான் பாரேன்" என்றாள் பெரியவள். "அப்புறம் வீட்டுல நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நடமாடறது? வாயை மூடிக்கிட்டு வேலைய எடுத்துக்கோ." பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "எனக்கு வயிறு எரியுது. எரியட்டும். நீ அத அணைக்க வராதே."

சின்னவள் தலையை ஆட்டினாள். பேருந்து தூரத்தில் தெரிந்தது.

"இன்னும் பதினோரு நாள் இருக்கு" என்றாள் பெரியவள். "நாளைக்கு என் கிளாஸ்ல வந்து உக்காரு. பூ கீ வரைஞ்சே, கையை ஒடிச்சிடுவேன். எண்ணு. ஒருத்தர் விடாம எண்ணு."

மறுநாள் பாடத்திட்டத்தில் சிவப்புக் கோடுகள் இருந்தன, நீல எழுத்து இருந்தது. மூன்றாவது பத்தி மட்டும் வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அரைகுறையாக உடுத்திக்கொண்டு வெளியே வந்த மாதிரி கூசியது. வழிப்போக்கன் கதைக்கே திரும்பிப் போனாள். அவன் ஏன் நின்றான் என்று மறுபடியும் கேட்டாள். முன்பு 'பயந்துவிட்டான்' என்ற பெண்ணையே கேட்டாள், எதற்குப் பயந்தான் என்று. கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் போனபின் கடைசி பெஞ்சுக்கு நடந்தாள்.

"பதினொண்ணுக்கா!" சின்னவள் குறிப்பேட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"பத்து."

"இல்லக்கா, நல்லா எண்ணினேன். ஜன்னல் ஓரத்துப் பொண்ணோட பதினொண்ணு."

"அவ பேசல. கொட்டாவி விட்டா. நானும்தான் எண்ணினேன்." பெரியவள் ரப்பரை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "பத்துன்னு எழுது. முப்பத்தொண்ணுக்கு இன்னும் இருபத்தொண்ணு. நாளைக்கும் வந்து உக்காரணும், தெரியுதா?"