மைச்சிமிழில் ஒரு சவாரி

மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளுக்காக மலாக்கா முழுதும் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, காஜா பேராங்கில் இருந்த சிறிய பிரசவ விடுதியில் பச்சைக் குழந்தைகளுக்குக் கண் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. காலையில் இமை திறக்காது. மஞ்சளாகப் பீளை வடியும். நோய் நிற்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தெய்வானைக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் மகளின் கண்கள் பளிச்சென்று இருந்தன. கொடியேறும் நாளில் பிள்ளையோடு தன் வீட்டில் இருக்கவேண்டும் என்பது அவள் ஆசை. கணவன் கருணாகரன் சன்னலுக்கு வெளியே நின்று, "பலகாரம்லாம் சுட்டாச்சு, எப்பத்தான் வர்ற?" என்று கேட்டு அதை இன்னும் கிளறிவிட்டான்.

தாதி கோகிலா யோசித்தாள். கிருமிக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. அடுத்த கட்டிலுக்குப் போக அதற்கு ஒரு சவாரி வேண்டும். துணிகளை வேகவைத்தாயிற்று, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. பிறகு எதில் ஏறிப் போகிறது?

நோயுற்ற இரண்டு குழந்தைகளுக்கு நடுவே, சீனப் பெண் மேய் லானின் மகன் மட்டும் கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் படுத்தாலே தொற்றும் என்றால் அவனை ஏன் விட்டுவைத்தது? மற்றவர்களுக்குச் செய்வதில் எதை அவனுக்குச் செய்வதில்லை?

மறுநாள் காலைக் குளியலின்போது கோகிலா கூடவே நின்றாள். ஆயா பூங்காவனம் குழந்தைகளைக் குளிப்பாட்டிவிட்டு, கையை நன்றாகக் கழுவித் துடைத்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு மைச்சிமிழை எடுத்தாள். விரலால் தொட்டு ஒரு குழந்தையின் கண்ணில் தீட்டினாள். அதே விரல் மறுபடி சிமிழுக்குள், பிறகு அடுத்த கண்ணுக்கு. தெய்வானையின் மகளுக்கு அன்றுதான் முதல் மை. அவள் முகத்தருகே விரல் வந்ததும் கோகிலா பூங்காவனத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மிஸ்ஸி! புள்ளைக்குத் திருஷ்டி பட்டுறப் போவுது!"

"பட்டாப் படட்டும்க்கா. உங்க விரல் படவேணாம்."

ஒரு குழந்தையின் பீளை விரலில் ஒட்டி, விரலோடு சிமிழில் இறங்கும். மையின் கருப்பில் அது கண்ணுக்குத் தெரியாது. அங்கேயே தங்கி அடுத்த விரலுக்காகக் காத்திருக்கும். கழுவிய கை அழுக்கானது சிமிழுக்குள்தான். கோகிலா இதை விளக்கியதும் பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடியாத்தீ! அந்தச் சீனப் புள்ளைக்கு நான் வைக்கலயே!"

"அதான் ராசா மாதிரி படுத்திருக்கான்."

மையே கூடாது என்றால் தாய்மார்கள் ஒளித்து வைப்பார்கள் என்பது கோகிலாவுக்குத் தெரியும். அதனால் புதுவழி சொன்னாள்: கண்ணில் மை கூடாது, உள்ளங்காலில் ஒரு பொட்டு போதும், அவரவர் மை அவரவர் பிள்ளைக்கு மட்டும். பழைய சிமிழ் அடுப்புக்குப் போனது.

"ஆனாக் சாயா பூன் மாவு!" என்று மேய் லான் மலாயில் கத்தினாள். என் பிள்ளைக்கும் வேணும் என்று அவள் அடம்பிடித்ததில் அறையே சிரித்தது.

அதன்பின் புதிதாக எந்தக் கண்ணும் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தவையும் மருந்தில் தெளிந்தன. மெர்டேக்காவுக்கு முந்தின மாலை டாக்டர் ஒவ்வோர் இமையாகப் பார்த்துவிட்டு, "போகலாம்" என்றார்.

வாசலில் கருணாகரன் ஆவலாகக் கைகளை நீட்டினான். தெய்வானை பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கையக் கழுவிட்டு வாங்க."

"அடியே, நான் அப்பன்!"

"அப்பனுக்கும் அதே சோப்புதான்."

கருணாகரன் குழாயைத் தேடி ஓடினான்.